வலி ஊசியும் பால் குடிக்காத குழந்தையும்

போன மாதம் சித்தப்பா மகள் பெங்களூரிலிருந்து போன் செய்தாள். அவளுக்கு எட்டாவது மாதம். "அண்ணா, பிரசவத்துக்கு எபிடூரல் எடுத்துக்கலாம்னு இருக்கேன். பெரியம்மாகிட்ட சொன்னேன், ஒரேயடியா வேணாங்கறாங்க. காரணம் கேட்டா அழறாங்க. நீங்கதான் எதையாவது தோண்டித் தோண்டிப் படிப்பீங்களே, கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்களேன்" என்றாள்.

பெரியம்மா என்று அவள் சொன்னது என் அம்மாவை. வேங்கிக்கால் வீட்டில் அம்மாவும் நானும் ஒரே கூரையின் கீழ்தான் இருக்கிறோம். இந்தக் கதையை நாற்பது வருடமாக அரைகுறையாகத்தான் கேட்டிருக்கிறேன். அன்று இரவு உட்கார்ந்து முழுசாகக் கேட்டேன்.

வழக்கமான எச்சரிக்கை முதலில். நான் டாக்டர் இல்லை. பி.இ. படித்துவிட்டு மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். இந்தப் பதிவு மருத்துவ ஆலோசனை அல்ல, ஒரு வரலாற்றுக் குறிப்பு. முடிவெடுக்க வேண்டியவர்கள் தங்கள் டாக்டரிடம் பேச வேண்டும். என்ன பேசலாம் என்பதற்கு இது உதவினால் மகிழ்ச்சி.

அம்மா சொன்னது

வருடம் 1983. அப்போது திருவண்ணாமலை தனி மாவட்டம் இல்லை, வட ஆற்காட்டில் இருந்தது. 1989-ல் மாவட்டம் பிரிந்து, கலெக்டர் ஆபீஸ் வேங்கிக்காலுக்கு வந்த பிறகுதான் எங்கள் பக்கம் இவ்வளவு வீடுகள். அம்மாவுக்கு சாயங்காலம் இடுப்பு வலி கண்டதும் குதிரை வண்டி பிடித்து டவுனில் ஒரு நர்சிங் ஹோமுக்குப் போயிருக்கிறார்கள்.

"தாங்க முடியலடா. ஏதாச்சும் ஊசி போடுங்கம்மான்னு நான்தான் கெஞ்சினேன். போட்டாங்க. கொஞ்ச நேரத்துல மேல சுத்தற ஃபேன் ரெண்டா தெரிஞ்சுது. வலி போகல, ஆனா யாருக்கோ வலிக்கற மாதிரி இருந்துச்சு. நடுநடுவுல தூங்கிட்டேன்."

என் தங்கச்சி பிறந்தாள். கொஞ்சமாக அழுதாள். அப்புறம் தூக்கம்தான். மார்பில் வைத்தால் வாயைத் திறக்கவில்லை. காலைச் சுண்டினால் முனகிவிட்டு மறுபடியும் தூக்கம். பாட்டி சர்க்கரைத் தண்ணியைப் பஞ்சில் தொட்டு வைத்திருக்கிறாள். பிறகு பாலாடையில் பீய்ச்சிய பால். மூன்றாம் நாள்தான் குழந்தை தானாக மார்பைப் பிடித்தது.

இடையில் பார்க்க வந்த உறவுக்காரம்மா ஒருத்தி, "வலி பொறுக்காம ஊசி கேட்டா இப்படித்தான், புள்ளைக்கு மூளை மந்தமாயிடும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். தங்கச்சி இன்று ஆரணியில் கணக்கு டீச்சர். அவள் பிளஸ் டூ கணக்கில் 197 வாங்கிய அன்றுகூட அம்மா சாமி படத்துக்கு முன்னால் அழுதது எனக்கு நினைவிருக்கிறது. சந்தோஷத்தில் அழுகிறாள் என்று நினைத்தேன். பாதி சரி.

எந்த 'வலி ஊசி'?

தேட ஆரம்பித்ததும் முதல் சிக்கல் தமிழிலேயே வந்தது. நம் ஊரில் 'வலி ஊசி' என்றால் இரண்டு அர்த்தம். வலியைக் குறைக்கும் ஊசிக்கும் அதே பெயர், வலியை வரவைக்கும் ஊசிக்கும் அதே பெயர். இரண்டாவது ஆக்ஸிடோசின், பெரும்பாலும் டிரிப்ஸில் ஏற்றுவார்கள். அது கர்ப்பப்பையைச் சுருங்க வைக்கும், தூக்கம் வராது. ஃபேன் ரெண்டாகத் தெரிந்தது, வலி யாருக்கோ வலிப்பது போல் இருந்தது, நடுவில் தூங்கியது எல்லாம் வேறு ஊசியின் அடையாளம்.

அந்தக் காலத்தில் பிரசவ வார்டுகளில் அதிகம் போடப்பட்டது பெத்திடின். கூடவே வாந்தி வராமலிருக்க ஃபெனர்கன். அந்த ஊசியே ஒரு தூக்க மருந்து. 1985-ல் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் வந்த பிறகு பெத்திடினை வாங்கி வைக்க லைசென்ஸும் கணக்கு நோட்டும் கட்டாயமாயின. ஃபோர்ட்வின் என்ற பெயரில் விற்ற பென்டசோசினும், பின்னர் டிராமடாலும் பல இடங்களில் புழங்கின. உங்கள் அம்மாவிடமோ அக்காவிடமோ கேட்டுப் பாருங்கள், 'ஃபோர்ட்வின் ஃபெனர்கன்' என்ற ஜோடிப் பெயர் யாருக்காவது நினைவிருக்கும்.

பெத்திடினுக்கு ஒரு விசித்திரமான பிறவிக் கதை உண்டு. 1930களின் கடைசியில் ஜெர்மனியில், வயிற்றுப் பிடிப்பைத் தளர்த்தும் மருந்து ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தபோது ஓட்டோ ஐஸ்லெப் என்ற வேதியியலாளர் இதைச் செய்தார். அது மார்ஃபின் போல வலியைக் குறைக்கிறது என்று கவனித்தவர் ஓட்டோ ஷாவ்மன். மார்ஃபின் அளவுக்கு ஆபத்தில்லை என்ற நம்பிக்கையோடு சில வருடங்களிலேயே பிரசவ அறைக்குள் வந்துவிட்டது. 1950-ல் பிரிட்டனில் மருத்துவச்சிகளே டாக்டர் இல்லாமல் அதைப் போடலாம் என்று அனுமதி கிடைத்தது. பிரிட்டிஷ் பாடப்புத்தக வழியில் நடந்த நம் மருத்துவமனைகளுக்கும் அது வந்து சேர்ந்தது.

சுவர் என்று நினைத்தார்கள்

இதற்கு நூறு வருடம் முன்னால் போகலாம். 1847 ஜனவரியில் எடின்பரோவில் ஜேம்ஸ் யங் சிம்ப்சன் பிரசவத்துக்கு முதன்முதலாக ஈதரைப் பயன்படுத்தினார். அதே வருடம் நவம்பரில் குளோரோஃபார்முக்கு மாறினார். 1853 ஏப்ரல் 7 அன்று விக்டோரியா மகாராணிக்கு எட்டாவது பிரசவம். லண்டன் டாக்டர் ஜான் ஸ்னோ கைக்குட்டையில் குளோரோஃபார்ம் விட்டு முகரக் கொடுத்தார். காலரா தண்ணீரில் பரவுகிறது என்று நிரூபித்த அதே ஸ்னோதான். ராணியே எடுத்துக்கொண்டார் என்றதும் எதிர்ப்பு அடங்க ஆரம்பித்தது.

அந்தக் காலத்து விவாதங்களைப் படித்தால் ஒன்று உறுத்தும். தாய்க்கு நல்லதா, கெட்டதா, வலி தெய்வக் கட்டளையா, பெண் மயக்கத்தில் உளறுவாளா என்றெல்லாம் சண்டை போட்டார்கள். குழந்தை பெரும்பாலும் அந்த விவாதத்திலேயே இல்லை. நஞ்சுக்கொடி ஒரு சுவர், தாயின் ரத்தமும் குழந்தையின் ரத்தமும் கலப்பதில்லை, ஆகவே மருந்தும் போகாது என்பது பலரின் எண்ணம். பிறந்த குழந்தையின் மூச்சில் ஈதர் வாடை அடிக்கிறது என்று ஸ்னோ கவனித்து எழுதியிருந்தார். மூக்குக்கே தெரிந்த விஷயம், ஆனால் பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை.

1870களில் பால் ஸ்வைஃபெல் என்ற டாக்டர் வேதியியல் சோதனையாகவே செய்து காட்டினார். குளோரோஃபார்ம் கொடுக்கப்பட்ட தாய்மார்களின் நஞ்சுக்கொடியிலும், பிறந்த குழந்தையின் சிறுநீரிலும் குளோரோஃபார்ம் இருந்தது. சுவர் என்று நினைத்தது வடிகட்டிகூட இல்லை, கொழுப்பில் கரையும் சிறிய மூலக்கூறுகளுக்கு அது திறந்த கதவு.

அதன் பிறகும் பாடம் ஏறவில்லை. 1906-ல் ஜெர்மனியின் ஃப்ரைபர்க் நகரில் கவுஸ், க்ரோனிக் என்ற இரண்டு டாக்டர்கள் மார்ஃபினும் ஸ்கோபோலமினும் கலந்த 'அந்தி உறக்கம்' முறையைப் பிரபலமாக்கினார்கள். தாய்க்கு வலி இருந்தது, வலித்தது என்ற நினைவுதான் இல்லாமல் போனது. 1914-ல் அமெரிக்கப் பெண்கள் சங்கம் வைத்து இந்த ஊசி எங்கள் உரிமை என்று கேட்டார்கள். பிறந்த குழந்தைகளில் பல மந்தமாக, மூச்சு விடத் தயங்கிப் பிறந்தன. ஆனால் அதை எப்படி அளப்பது? அதற்கு ஒரு அளவுகோலே இல்லை.

முதல் லாக் ஃபைல்

எங்கள் வேலையில் ஒரு பழமொழி மாதிரி சொல்வோம்: எதை மானிட்டர் பண்ணலையோ அது உடைஞ்சாலும் தெரியாது. புதிதாகப் பிறந்த குழந்தைக்கு முதல் மானிட்டரிங் வைத்தவர் ஒரு மயக்க மருந்து டாக்டர், வர்ஜீனியா அப்கார். நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழக மருத்துவமனையில் இருந்தார். 1949-ல் காலைச் சாப்பாட்டின்போது ஒரு மாணவர், பிறந்த குழந்தையின் நிலையை எப்படி மதிப்பிடுவது என்று கேட்க, கையில் கிடைத்த துண்டுக் காகிதத்தில் ஐந்து விஷயம் எழுதிக் கொடுத்தாராம். இதயத் துடிப்பு, மூச்சு, தசையின் விறைப்பு, தூண்டினால் காட்டும் எதிர்வினை, தோலின் நிறம். ஒவ்வொன்றுக்கும் 0, 1, 2. மொத்தம் பத்து. 1953-ல் கட்டுரையாக வெளியானது.

உங்கள் வீட்டில் யாருடைய டிஸ்சார்ஜ் சம்மரியிலாவது 'அப்கார் 8, 9' என்று பார்த்திருப்பீர்கள். அந்தப் பெயர் இவருடையதுதான். குழந்தை டாக்டர் கண்டுபிடித்தது என்று பலர் நினைக்கிறார்கள். தாய்க்கு மயக்க மருந்து கொடுத்தவர், தன் மருந்து குழந்தைக்கு என்ன செய்கிறது என்று பார்க்கக் கண்டுபிடித்தது அது. முதல் கட்டுரையிலேயே முழு மயக்கத்தில் சிசேரியன் ஆன குழந்தைகளையும், முதுகு ஊசியில் ஆன குழந்தைகளையும் ஒப்பிட்டார். முதுகு ஊசிக் குழந்தைகள் அதிக மதிப்பெண் எடுத்தன. பின்னர் சைக்ளோபுரோப்பேன் என்ற வாயு குழந்தைகளை மந்தமாக்குகிறது என்பதும் அவருடைய குழுவின் ஆய்வில் தெரிந்தது. அது அவரே விரும்பிப் பயன்படுத்திய வாயு.

ஆனால் அப்கார் எண்ணுக்கு ஒரு எல்லை உண்டு. முதல் நிமிடத்தையும் ஐந்தாவது நிமிடத்தையும்தான் அது பார்க்கிறது. குழந்தை மூச்சு விடுகிறதா, உயிர் பிழைக்குமா என்று கேட்கிறது. பால் குடிக்கிறதா என்று கேட்கவில்லை. எட்டும் ஒன்பதும் வாங்கிய குழந்தை அடுத்த இரண்டு நாள் மார்பைப் பிடிக்காமல் தூங்கினாலும் ரிப்போர்ட்டில் 'நார்மல்'தான். என் தங்கச்சிக்கு ரிப்போர்ட் இருந்திருந்தால் அப்படித்தான் இருந்திருக்கும்.

1961: எழும்பூரும் அமெரிக்காவும்

இங்கே நம் ஊர் வருகிறது. சென்னை எழும்பூர் தாய் சேய் மருத்துவமனை 1844-ல் தொடங்கியது. ஆற்காடு லட்சுமணசாமி முதலியார் அங்கே சூப்பரின்டென்டென்டாக இருந்தார், 1938-ல் 'கிளினிக்கல் ஆப்ஸ்டெட்ரிக்ஸ்' என்ற பாடநூலை எழுதினார். பின்னாள் பதிப்புகளில் அவரோடு சேர்ந்தவர் எம்.கே. கிருஷ்ண மேனன். (ராணுவ அமைச்சர் மேனன் வேறு.) 'முதலியார் மேனன்' புத்தகம் இன்றும் மருத்துவ மாணவர்கள் கையில் இருக்கிறது.

கிருஷ்ண மேனனின் பெயர் உலகத்துக்குத் தெரிந்தது வேறொரு காரணத்தால். அன்று எழும்பூருக்குக் கிராமங்களிலிருந்து வந்து இறங்கிய தாய்மார்களில் பலர் ரத்தக் கொதிப்பு ஏறி, வலிப்பு கண்டு, நினைவில்லாமல் வந்தவர்கள். பிரசவ சன்னி என்று நம் பாட்டிமார்கள் சொன்னதில் இதுவும் அடக்கம். வலிப்பு நிற்காவிட்டால் தாயும் போவாள், குழந்தையும் போகும். மேனன், பிரான்ஸில் லபோரி என்ற டாக்டர் அறுவை சிகிச்சைக்காக உருவாக்கியிருந்த ஒரு மருந்துக் கலவையை இதற்குக் கொண்டுவந்தார். குளோர்புரோமசின், ஃபெனர்கன், பெத்திடின், இந்த மூன்றும். 'லிட்டிக் காக்டெயில்' என்று பெயர். 1961-ல் பிரிட்டிஷ் மகப்பேறு இதழில் அவருடைய கட்டுரை வந்தது. அதன் பிறகு 'மேனன் முறை' என்ற பெயரிலேயே இந்தியா முழுக்கப் பல பத்தாண்டுகள் வழக்கத்தில் இருந்தது.

மூன்று மருந்தும் நஞ்சுக்கொடியைத் தாண்டும். மூன்றும் தூங்க வைக்கும். பிறக்கும் குழந்தை மந்தமாக இருக்கும் என்பது அந்த வார்டில் வேலை செய்த யாருக்கும் புதுச் செய்தியாக இருந்திருக்காது. ஆனால் தாய் கட்டிலில் வலிப்பில் துடித்துக்கொண்டிருக்கும்போது தூங்கும் குழந்தை இரண்டாவது கவலைதான். எனக்கு இதில் குறை சொல்லத் தோன்றவில்லை. எந்தச் சாவைத் தடுப்பது முதல் வேலை என்று அவர்கள் பார்த்தார்கள். பின்னர் மக்னீசியம் சல்ஃபேட் வந்தது. 1995-ல், இந்தியாவும் பங்கெடுத்த, 1,687 தாய்மார்களைக் கொண்ட பெரிய ஆய்வு ஒன்று, டயசிபாம், ஃபெனிட்டாயின் இரண்டையும் விட மக்னீசியம் வலிப்பை நன்றாகத் தடுக்கிறது என்று காட்டியது. லிட்டிக் காக்டெயிலோடு ஒப்பிட்ட ஆய்வுகளிலும் மக்னீசியமே ஜெயித்தது. இன்று நம் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே அந்த ஊசி இருக்கிறது.

அதே 1961-ல் அமெரிக்காவில் பிரேசல்டன் என்ற குழந்தை டாக்டர் வேறொன்றைக் கவனித்து எழுதினார். பிரசவத்தின்போது தூக்க மருந்து வாங்கிய தாய்மார்களின் குழந்தைகள் பால் குடிக்கப் பழக நாளாகிறது. 1966-ல் க்ரோன் என்பவரும் சகாக்களும் குழந்தை சப்பும் வேகத்தையும் அழுத்தத்தையும் கருவி வைத்தே அளந்தார்கள். தாய்க்குப் போட்ட ஒரே ஒரு தூக்க ஊசி, குழந்தை சப்பும் திறனை நாலு நாள் வரை குறைத்திருந்தது. 1990-ல் ஸ்வீடனில் ரிகார்டும் அலேடும் 72 குழந்தைகளைப் பிறந்ததிலிருந்து பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார்கள். பெத்திடின் போட்ட தாய்மார்களின் குழந்தைகள் 40. அவற்றில் 25 குழந்தைகள் மார்பைச் சப்பவே இல்லை.

இதை வாசித்தபோது இரவு பதினொன்றரை. உள்ளே போய் அம்மாவை எழுப்பலாமா என்று நினைத்து, விட்டுவிட்டேன். "வாயைத் திறக்கலடா, தூங்கிக்கிட்டே இருந்துச்சு" என்று அவள் சொன்னதுதான் அங்கே அட்டவணையாக இருந்தது. எந்த நர்சிங் ஹோம் ரிஜிஸ்டரிலும் ஏறாத ஒரு தகவலை, அளக்கக் கருவி இல்லாமல் அம்மாவும் பாட்டியும் சரியாகக் கவனித்து வைத்திருந்தார்கள். கவனித்தது சரி. உறவுக்காரம்மா சொன்ன காரணமும் முடிவும்தான் தப்பு.

கணக்கு

எந்தக் கோளாறு வந்தாலும் நாங்கள் முதலில் கேட்பது நேரம். எத்தனை மணிக்கு என்ன நடந்தது? அம்மாவிடம் கடிகாரம் இல்லை. ஆனால் ஊசி போட்டபோது, "செகண்ட் ஷோ விட்டு பசங்க சைக்கிள்ல பாட்டுப் பாடிக்கிட்டுப் போனானுங்க." அப்படியானால் இரவு ஒரு மணி. குழந்தை பிறந்தபோது, "பால்காரன் கேன் சத்தம் கேட்டுச்சு." நாலு மணி. இடைவெளி மூன்று மணி நேரம்.

பெத்திடின் விஷயத்தில் இந்த இடைவெளிதான் எல்லாமே. தசையில் போட்ட ஊசி தாயின் ரத்தத்தில் ஏறி, நஞ்சுக்கொடியைத் தாண்டி, குழந்தையின் உடலில் உச்சத்துக்கு வர இரண்டிலிருந்து மூன்று மணி நேரம் ஆகும். ஊசி போட்டு ஒரு மணி நேரத்துக்குள் பிறந்தால் மருந்து அதிகம் போய்ச் சேர்ந்திருக்காது. இரண்டு மூன்று மணி நேரத்தில் பிறந்தால் குழந்தைக்கு மந்தம் அதிகம். 'உடனே பிறக்கப் போகுது, இப்ப ஊசி வேணாம்' என்று சொல்வதை விட, பிறக்க எவ்வளவு நேரமாகும் என்று கணிப்பதுதான் சிரமமான வேலை. தலைச்சன் பிரசவத்தில் அந்தக் கணிப்பு எளிதில் தப்பும்.

இன்னொன்று. குழந்தையின் ரத்தம் தாயின் ரத்தத்தை விடச் சற்று அமிலம் அதிகம். பெத்திடின் காரத்தன்மை உள்ளது. தாண்டி வந்த மூலக்கூறு அங்கே மின்னேற்றம் பெற்றுவிட்டால் திரும்பித் தாண்டுவது கஷ்டம். உள்ளே வர வழி சுலபம், வெளியே போகக் கூட்டம். குழந்தை மூச்சுத் திணறலில் இருந்தால் அமிலம் கூடும், மருந்து இன்னும் சிக்கும்.

தொப்புள்கொடியை வெட்டியதும் அம்மாவின் கல்லீரல் உதவி நின்றுவிடும். மிச்சத்தைக் குழந்தையே கரைக்க வேண்டும். தாயின் உடலில் பெத்திடின் பாதியாகக் குறைய மூன்று நாலு மணி நேரம் போதும். பிறந்த குழந்தைக்கு 20 மணி நேரம் அளவுக்கு ஆகிறது. இரண்டு நாள், அதாவது 48 மணி நேரம் கழித்து மிச்சம் எவ்வளவு? கால்குலேட்டரில் போட்டால் ஐந்தில் ஒரு பங்கு. பெத்திடின் உடைந்து உண்டாகும் நார்பெத்திடின் இன்னும் மெதுவானது, பாதியாக 60 மணி நேரம் வரை ஆகலாம்.

மூன்றாம் நாள் தங்கச்சி பால் குடித்தாள்.

ஊசியே போடாத குழந்தையும் முதல் நாள் நிறையத் தூங்கும் என்பதால் இதைத் தீர்ப்பாகச் சொல்ல மாட்டேன். ஆனால் கணக்கு பொருந்துகிறது. பொருந்துகிற கணக்கு சொல்வது ஒன்றுதான்: மருந்து வடியும், வடிந்ததும் குழந்தை விழிக்கும். மூளை மந்தத்துக்கு இந்தக் கணக்கில் இடமே இல்லை.

ஒரு வயிற்றெரிச்சலும் இருக்கிறது. 1996-ல் ஸ்வீடனில் நடந்த ஒரு ஆய்வு, பெத்திடினும் மார்ஃபினும் பிரசவ வலியைக் குறைப்பதே இல்லை, தாயைத் தூங்க வைப்பதோடு சரி என்றது. அம்மா சொன்ன 'யாருக்கோ வலிக்கற மாதிரி' அதுதான். வலியும் போகவில்லை, குழந்தையும் தூங்கியது, பழி மட்டும் நாற்பது வருடம் நின்றது.

சித்தப்பா மகளுக்கு

எபிடூரல் வேறு விஷயம். இங்கே மருந்து ரத்தம் வழியாகப் போய் வேலை செய்வதில்லை. முதுகுத் தண்டின் உறைக்கு வெளியே ஒரு மெல்லிய குழாய் வைத்து, அங்கே இருக்கும் நரம்புகளை மரத்துப்போக வைக்கிறார்கள். பெரும்பாலும் புபிவகைன், 0.1 சதவீதம் போல நீர்த்த அளவில், கூடவே மிகக் கொஞ்சம் ஃபெண்டனில். இதிலும் ஒரு பங்கு ரத்தத்தில் கலந்து குழந்தைக்குப் போகும். 'துளிகூடப் போகாது' என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஆனால் அளவு மிகக் குறைவு. பெத்திடின் போன்ற ஊசிகளோடு ஒப்பிட்ட ஆய்வுகளில், எபிடூரல் தாய்மார்களின் குழந்தைகளுக்கு மருந்தின் விளைவை முறிக்கும் நலோக்ஸோன் ஊசி குறைவாகவே தேவைப்பட்டிருக்கிறது.

கவனிக்க வேண்டியவை சில உண்டு. போட்டதும் தாயின் ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கலாம், அப்போது குழந்தையின் இதயத் துடிப்பும் குறையலாம். அதனால்தான் பக்கத்திலேயே மானிட்டர். நீண்ட நேரம் எபிடூரலில் இருக்கும் சில தாய்மார்களுக்குக் காய்ச்சல் வரும், அதனால் குழந்தைக்கும் தொற்றுப் பரிசோதனைகள் செய்ய நேரலாம். ஃபெண்டனில் மொத்த அளவு அதிகமானால் பால் குடிப்பதில் சிரமம் வரலாம் என்று சில ஆய்வுகள் சொல்கின்றன. 2020-ல் எபிடூரலால் ஆட்டிசம் வரும் என்று ஒரு கட்டுரை வந்து வாட்ஸ்அப்பில் சுற்றியது. அடுத்த வருடமே கனடாவிலும் டென்மார்க்கிலும் செய்த பெரிய ஆய்வுகள் அப்படிப் பொருட்படுத்தத்தக்க தொடர்பு இல்லை என்றன. அந்தச் செய்தி மட்டும் ஃபார்வர்ட் ஆகவில்லை.

நம் மாநிலத்தில் எபிடூரல் பெரிய ஊர் தனியார் ஆஸ்பத்திரி விஷயமாகவே இருக்கிறது. இருபத்துநாலு மணி நேரமும் மயக்க மருந்து டாக்டர் இருந்தால்தான் அது முடியும். ஆனால் முதுகு ஊசி அப்படியில்லை. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வுப்படி தமிழ்நாட்டில் 99.6 சதவீதப் பிரசவம் ஆஸ்பத்திரியில் நடக்கிறது, 44.9 சதவீதம் சிசேரியன். அவர்களில் பெரும்பாலோருக்கு முதுகில் போடுவது இரண்டு மில்லி அளவு புபிவகைன்தான். அதில் குழந்தைக்குப் போவது சொற்பம். 1953-ல் அப்கார் எடுத்த மதிப்பெண்கள் காட்டிய வழியில்தான் இன்று நம் மாவட்டத் தாய்மார்களும் படுத்திருக்கிறார்கள்.

சித்தப்பா மகளிடம் மூன்று கேள்வி எழுதி அனுப்பினேன். எபிடூரல் வேண்டுமென்றால் நடுராத்திரியிலும் போட ஆள் இருக்கிறாரா? இல்லையென்றால் அதற்குப் பதில் எந்த ஊசி போடுவார்கள், அதன் பெயர் என்ன? அந்த ஊசி போட்டால் எத்தனை மணிக்குப் போட்டது என்று எழுதி, குழந்தை டாக்டருக்குச் சொல்வார்களா? குழந்தை தூங்கிக்கொண்டே இருந்தால் பயப்படாமல், ஆனால் சும்மாவும் இருக்காமல் நர்ஸைக் கூப்பிடு, பாலைப் பீய்ச்சி பாலாடையில் கொடுக்கச் சொல்லித் தருவார்கள், சர்க்கரைத் தண்ணி மட்டும் வேண்டாம் என்றும் சேர்த்து எழுதினேன். எடுத்துக்கொள்வதா வேண்டாமா என்பது அவள் முடிவு.

மறுநாள் காலையில் அம்மாவிடம் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். செகண்ட் ஷோ, பால்காரன், மூன்று மணி நேரம், மூன்றாம் நாள். காகிதத்தில் கோடு போட்டுக் காட்டினேன். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்தக் கோட்டையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"அப்ப நான் கேட்டது தப்பில்லையா?"

"இல்லம்மா. வலிச்சுது, கேட்ட."

"ரெண்டு நாள்ல தானா சரியாயிடும்னு அந்த நர்ஸம்மா ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல" என்றாள். அவ்வளவுதான். எழுந்து அடுப்படிக்குப் போனவள் திரும்பி வந்து, "அவ நம்பரைப் போட்டுக் குடு. பேசணும்" என்றாள்.